மூன்று நீலம், இரண்டு கறுப்பு

யாராவது திடீரென்று என் கருத்தைக் கேட்டால், இதில் என்ன சூது என்றுதான் முதலில் தேடுவேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள் நான். தண்ணீர்க் குழாயை எங்கே வைக்கலாம், சாப்பாட்டு மணியை எப்போது அடிக்கலாம், கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கலாம் என்று ஒரு நாளும் யாரும் எங்களைக் கேட்டது கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, "இந்த டீம் எப்படி முடிவு எடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சிரித்தால் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வது? சிரிப்பு வேறு நல்ல சிரிப்பு. அது இன்னும் மோசம்.

எங்களுடையது கடைசிச் செக்கிங் மேசை. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவை ஜோடி ஜோடியாகப் பார்த்து, நன்றாக இருந்தால் பெட்டிக்கு, இல்லையென்றால் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். ஐந்து பேர். மேல்தோலையும் தையலையும் பார்ப்பது நானும் நாட்றம்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணும். நாங்கள் பார்த்து நகர்த்துவதை விரிஞ்சிபுரத்து அக்கா வாங்கி, அடிப்பாகத்தைப் பார்த்துப் பெட்டியில் வைப்பாள். பெட்டிகளைக் கட்டி அடுக்குவது ஒரு பேக்கிங் அண்ணன். எல்லாருக்கும் மேலே சூப்பர்வைசர். மேசையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. எந்த ஊரிலிருந்து பஸ் ஏறுகிறோமோ அந்த ஊர்தான் பேர். என் பேர் வேலூர்.

நல்ல ஜோடியும் தொல்லையில்லை, கெட்ட ஜோடியும் தொல்லையில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஜோடிதான் பேஜார். சார்ட் பேப்பர் வரும்வரை அவற்றை ஒரு மஞ்சள் ட்ரேயில் போட்டுவைப்போம். சூப்பர்வைசர் வந்து, தூக்கிப் பார்த்து, பாஸ் என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்வார். அவர் வர நேரமானால் ட்ரே நிரம்பி வழியும். ஏன் சரக்கு இவ்வளவு தாமதம் என்று ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் கேட்டிருக்கிறான். அதனால்தான் இந்த சார்ட் பேப்பர் எங்கள் மேசைக்கு வந்தது.

சார்ட்டில் நாலு வழிகள் எழுதியிருந்தன. சந்தேக ஜோடியை சூப்பர்வைசரே முடிவு செய்வது. கை தூக்கி, எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் பாஸ். கடைசியாக, அவரவர் பார்த்ததை அவரவரே முடிவு செய்து, ஜோடியில் தொங்கும் சீட்டில் தன் கையெழுத்தைப் போடுவது.

முதல் வழியை சூப்பர்வைசரே அடித்தார். "நான் சொன்னா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க" என்றார். மனிதர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாவதை பேக்கிங் அண்ணன் வேண்டாம் என்றார். "மூணு பேரு இந்தாண்ட, ரெண்டு பேரு அந்தாண்டன்னு டெய்லி சண்டை வரும்." மீதி இரண்டு: ஐந்து பேரும் சேர்ந்து முடிவெடுப்பதா, அவரவர் கையெழுத்தா?

எனக்குக் கையெழுத்து கூடாது. அதற்குக் காரணம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வருஷமாக என் கண் சரியில்லை. முதலில் ட்யூப்லைட்டைத் திட்டினேன். பிறகு பாலிஷ் போடுகிறவனைத் திட்டினேன். எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய புகை படிந்த மாதிரி இருந்தது. தையலை விரலால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். விரல் பொய் சொல்லாது. விட்டுப்போன ஒரு தையல் விரலுக்கு நன்றாகவே தெரியும். கண்ணாடி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எனக்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த வாரமே அவளைப் பசை தடவும் பேஸ்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடம்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு முன் ஒன்பது வருஷம் நான் பேஸ்டிங்கில் நின்றிருக்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டு தோலில் சொல்யூஷன் தடவ வேண்டும். அந்த நெடி மூக்கில் ஏறி, தலைவலியோடுதான் பஸ் ஏறுவேன். வீட்டில் சோற்றில்கூட அந்த நெடிதான் அடிக்கும். திரும்ப அங்கே போவது என்றால் வேலையை விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். விடவும் முடியாது.

ஐந்து பேரும் சேர்ந்து பார்த்தால் என் கண்ணும் அந்த ஐந்தில் ஒன்றாகப் போய்விடும். என் கையெழுத்து மட்டும் என்றால் ஒவ்வொரு தப்பும் நேராக என் தலையில் விடியும். மூன்று தப்பு வந்தால் மேசையை விட்டு இறக்கம், ஜோடி மாறிப் போனால் ஒரே தப்பு போதும் என்று சூப்பர்வைசர் அன்றே சொல்லிவிட்டார்.

ஆக, இந்த சார்ட் எனக்காகத்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். யாரோ என் கண்ணைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறார்கள். யார்? நாட்றம்பள்ளிப் பெண் டிப்ளமோ படித்தவள். எட்டு மாதம்தான் ஆகிறது வந்து. சில நாள் நான் தையலைத் தடவும்போது அவள் கை நின்றுவிடும், என் விரலையே பார்ப்பாள். போதாதா?

"சரி, எந்த வழின்னு கை தூக்குங்க" என்றாள் சென்னைப் பெண்.

"கை தூக்க மாட்டேன்" என்றேன் நான். "யாரு எதுக்குத் தூக்கினாங்கன்னு அவரு மனசுல வெச்சுக்குவாரு."

சூப்பர்வைசர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். சென்னைப் பெண் உடனே, சரி, சீட்டில் எழுதிப் போடலாம் என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். ஒவ்வொருத்தர் எழுத்தும் அவருக்குத் தெரியும், தினம் அட்டெண்டன்ஸில் பார்க்கிறவர். "அப்ப எப்படிக்கா?" என்றாள் அவள், பொறுமையாக. அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரே மாடல், இரண்டு நிறம். கறுப்பும் கருநீலமும். ஒரே தோல், ஒரே கனம், ஒரே வழவழப்பு, சாயம் மட்டும் வேறு. கட்டிங்கில் மிச்சமாகும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. நான்தான் சொன்னேன். என் வாயால் நான்தான் சொன்னேன். "ஆளுக்கு ஒரு கறுப்புத் துண்டு, ஒரு நீலத் துண்டு குடுங்க. அஞ்சு பேரும் சேர்ந்துன்னா கறுப்பு. அவங்கவங்க கையெழுத்துன்னா நீலம். ரேக்குக்குப் பின்னால போய் ஒண்ண மட்டும் பொட்டியில போடட்டும். துண்டுல யார் பேரும் இருக்காது."

எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். பேக்கிங் அண்ணன் என் காதருகே வந்து, "நான் கறுப்புதான்மா, கையெழுத்தெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்றார். அக்காவும் கறுப்பு. அவள் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஐந்து பேரோடு கலந்திருந்தால்தான் அவளுக்கும் பிழைப்பு. அதை அவளும் நானும் சற்று முன்தான் காதோடு காதாகப் பேசியிருந்தோம். மூன்று கறுப்பு உறுதி. நான் தெம்பாக ரேக்குக்குப் பின்னால் போனேன். இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறுப்பைப் பெட்டியில் போட்டேன். மற்றதை மூட்டைக்குள் எறிந்தேன்.

சென்னைப் பெண் பெட்டியைக் கவிழ்த்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எண்ணியும் முடித்துவிட்டாள்.

"மூணு நீலம், ரெண்டு கறுப்பு. அவங்கவங்க கையெழுத்து."

பெரும்பான்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைப் பெரும்பான்மையில் முடித்திருக்கிறோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே. சென்னைப் பெண் அந்த ஐந்து துண்டுகளையும் சார்ட்டில் ஸ்டேப்ளர் அடித்து, மேல் வரிசையில் மூன்று நீலம், கீழே இரண்டு கறுப்பு என்று பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு நோட்டீஸ் போர்டில் மாட்டினார். எங்கள் டீம் தானாக முடிவெடுத்ததற்கு அத்தாட்சியாம்.

அன்று முதல் எனக்கு ஒரே கணக்குதான். மூன்று நீலம் யார்? சூப்பர்வைசர் ஒன்று, சந்தேகமே இல்லை. நாட்றம்பள்ளிப் பெண் ஒன்று; அவளே முகத்துக்கு நேரே சொன்னாள், "நான் நீலம்தான்க்கா. நான் பாத்ததுக்கு நான் பொறுப்பு, இதுல ஒளிக்க இன்னா இருக்கு." திமிர் என்று நினைத்தேன். மூன்றாவது? அண்ணனா, அக்காவா? அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. லீவு கேட்கக் காய்ச்சல் என்று சொல்லும்போதே சிரித்துவிடுகிறவர். அப்படியானால் அக்கா.

பதினோரு வருஷமாகப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். வேலூரில் ஏறும் நான் அவளுக்கு சீட்டு பிடித்துவைப்பேன், விரிஞ்சிபுரத்தில் ஏறி உட்காருவாள். அவள் டப்பாவிலிருந்து நானும் என் டப்பாவிலிருந்து அவளும் சாப்பிடுவது வழக்கம். என் கண்ணைப் பற்றி அவளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாததும் நல்லதாய்ப் போயிற்று என்று இப்போது தோன்றியது. ஒருவேளை சொல்லாமலே தெரிந்துகொண்டு, மேலே போட்டுக்கொடுத்ததும் இவள்தானோ? நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தியது. சார்ட் மாட்டிய மறுநாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை நகர்த்தவில்லை. குற்றமுள்ள நெஞ்சு இல்லையென்றால் ஏன் அப்படி இருக்க வேண்டும்? நானும் விடவில்லை. பஸ்ஸில் முன் சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போர்டைத் தாண்டும்போதெல்லாம் அந்த சார்ட்டைப் பார்ப்பேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஐந்து துண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் என்னை அரித்தது. ஒரு வாரம் ஓடியும் என் கையெழுத்தில் ஒரு தப்பும் வரவில்லை. நாட்றம்பள்ளிப் பெண்ணுக்கே ஒன்று வந்தது, எனக்கு இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று பயந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலை, அக்கா பஸ்ஸில் ஏறி நேராகப் பின்னால் என்னிடம் வந்தாள். நின்றபடியே கேட்டாள், "இன்னாடி உனக்குப் பேஜாரு? நான் இன்னா பண்ணேன்?"

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன், "நீலம் போட்டுட்டு நல்லவ மாதிரி வந்து கேக்கறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

அவள் என்னை ஏதோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நறுக்கென்று கேட்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம், சாப்பாடு முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், சூப்பர்வைசர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல்மூடியைத் திறந்து ஜோடியை என் முன்னால் வைத்தார். சீட்டில் என் கையெழுத்து.

"இது இன்னாம்மா?"

எடுத்தேன். இடது ஷூவின் தையலைத் தடவினேன். வலதைத் தடவினேன். ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஷூவின் முன்மூக்கில் சுருக்கம் இல்லை. ஒட்டிய இடத்தில் பிசின் கசியவில்லை. எல்லாம் சுத்தம்.

"நல்லாத்தானே சார் கீது."

பேக்கிங் அண்ணன் கையில் டேப்போடு அப்படியே நின்றார். இதோ, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், நல்ல ஜோடியைக் காட்டித் தப்பு என்று சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "தப்பு இன்னான்னு சொல்லுங்க சார். சும்மா ஆள இறக்கணும்னா நேரா சொல்லிடுங்க" என்றேன்.

நாட்றம்பள்ளிப் பெண் என் கையைப் பிடித்தாள். மெதுவாகச் சொன்னாள், "அக்கா, ஒண்ணு கறுப்பு. ஒண்ணு நீலம்."

நான் இரண்டையும் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி பார்த்தேன். எனக்கு இரண்டும் கறுப்பு. இந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று நினைத்து அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தாள், ஆமாம் என்று.

"ஜோடி மாறிப் போச்சுன்னா ஒரே தப்பு போதும்னு அன்னிக்கே பேசினோம்" என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கு பேஸ்டிங்ல நின்னுக்கோங்க. நான் சொல்லல இத. நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணதுதான்."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். கால் தானாகவே அங்கே போயிற்று. பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டேன்.

தோலில் வேலை செய்கிற யாருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். கையில் துண்டு கிடைத்தால் மடித்துப் பார்ப்பார்கள், சாயம் வெடிக்கிறதா என்று. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மடிப்பு. அக்கா விரலில் சுற்றிப் பார்ப்பாள். நாட்றம்பள்ளிப் பெண் கிள்ளிப் பார்ப்பாள். சூப்பர்வைசர் நகத்தால் கீறுவார். நான் நீளத்தில் ஒரு மடிப்பு, குறுக்கில் ஒரு மடிப்பு மடித்து, நடுவில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவேன். யோசிக்காமலே கை செய்துவிடும். துண்டில் யார் பேரும் இருக்காது என்று நான் சொன்னபோது இது எனக்கு நினைவு வரவேயில்லை.

மேல் வரிசையில் முதல் துண்டில் கீறல். இரண்டாவதில் கிள்ளல். மூன்றாவதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மடிப்பு, நடுவில் பிறை மாதிரி ஒரு நகக்குறி.

என் நகத்தை அதில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. பதினோரு வருஷத்துச் சிநேகிதியைப் பஸ்ஸில் பத்துப் பேர் முன்னால் அசிங்கப்படுத்தியிருக்கிறேன். அந்தத் துண்டைப் பிய்த்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகரவுமில்லை, திரும்பவுமில்லை. துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் குனிந்து பார்க்காமலே விரலால் தடவினாள்.

"யாருதுன்னு தெரியுதாக்கா?"

"தெரியாம இன்னா. உன்னுதுதான். சார்ட்டு மாட்டின அன்னிக்கே பாத்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? கறுப்புன்னு என்கிட்ட பேசிட்டு, ஏண்டி எனக்கு எதிரா போட்டேன்னா? வயிறு எரிஞ்சுது. அதுக்கு மேல நீ மூஞ்சத் திருப்பிக்கினு பின்னால போய்ட்ட. செஞ்சவளே கோச்சுக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

"கறுப்புன்னு பாத்துதான்க்கா போட்டேன்."

மாதனூர் தாண்டும் வரை துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு சொன்னாள், "கண்ணு மங்கல்னு எனக்குத் தெரியும். கலரும் போச்சுன்னு தெரியாது."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஒரு வருஷமா. பக்கத்துல உக்காந்துக்கினு நீ தையல விரல்ல தடவறத பாக்காம இருப்பனா? உன்கிட்டேர்ந்து வர்ற ஜோடிய நான் மேல ஒருவாட்டி பாத்துட்டுத்தான் அடியப் பாப்பேன். அதனாலதான் நான் லேட்டு. நீ நீலம் போட்டேன்னு தெரிஞ்சும் பாத்துக்கினுதான் இருந்தேன். கோவம் வேற, அது வேற."

நான் இத்தனை நாள் அவளை மெதுவானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டேன். "அப்ப இன்னிக்கு?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இன்னிக்கு பாக்கல" என்றாள். "காலைல எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டியே. போடி, உன் கையெழுத்து, நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டேன். இன்னிக்கு ஒரு நாள்தான்டி."

அழுதது நானா அவளா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முன் சீட்டிலிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள். விரிஞ்சிபுரம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"எறங்கலையாக்கா?"

"வேலூர் வரைக்கும் வர்றேன். மொதல்ல கண்ண காட்டிட்டு வரலாம்" என்றாள். துண்டை மடித்துத் தன் டப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் போகலாம் என்று சொன்னாள்.